ஜெர்மனியில் வருஷக்கணக்கில் இருக்கும்போது மனசு படும் பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர், அக்டோபரில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பதெல்லாம் வீடு, வங்கிக் கணக்கு, சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன் பற்றித்தான். நவம்பர் பாதியில் கேள்விகளின் ரகமே மாறிவிடும். பல வருஷமாக ஷ்டுட்கார்ட் பக்கம் இருப்பதால் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்கள், ஐடி வேலைக்கு வந்தவர்கள், அவர்களோடு துணையாக வந்தவர்கள் என்று எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டே கேட்கிறார்கள். அதனால் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போக வேண்டும் என்பதற்கும் ஒரு கேள்வி உண்டு.

முதல் மாசம் செமயா இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே பிடிக்கல. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. முதல் மாதத்தில் எல்லாமே புதுசு. காலி பாட்டிலை மெஷினில் போட்டு 25 சென்ட் வாங்குவதை வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். மூன்றாவது மாதம் அதே பாட்டில்கள் அறை மூலையில் பை பையாகக் கிடக்கும், கொண்டுபோய்ப் போட மனசு வராது. பாட்டில் அப்படியேதான் இருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவர் இப்போது குடியிருப்பவர் ஆகிவிட்டார், அவ்வளவுதான்.

இதைப் பற்றி ஆராய்ச்சியே உண்டு. ஃபுல்பிரைட் என்ற கல்வி உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்களை ஸ்வெரெ லிஸ்கார்ட் விசாரித்து 1955-ல் எழுதினார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதம் தாண்டியவர்களும் ஓரளவு நன்றாக ஒட்டியிருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் திண்டாடியிருந்தார்கள். மேலே ஆரம்பித்து, கீழே இறங்கி, மறுபடி ஏறும் கோடு என்று எல்லோரும் படம் போட்டுக் காட்டுவது இதிலிருந்து வந்ததுதான்.

அப்ப எத்தனை மாசத்துல சரியாகும்னு சொல்லுங்க.

சொல்ல முடியாது. அந்தக் கோடு எல்லோருக்கும் பொருந்துவதில்லை. கொலீன் வார்டு குழுவினர் நியூசிலாந்துக்குப் போன ஜப்பானிய மாணவர்களைக் கவனித்து 1998-ல் எழுதியதில், வந்து இறங்கிய நேரத்தில்தான் மனக்கஷ்டம் அதிகம் இருந்தது, பிறகு குறைந்தது. முதல் வாரமே அழுதவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதி அடையலாம்.

நான் இங்கே பார்த்த வரையில் முதல் கோடை வந்ததும் பலருக்கு ஒரு தெளிவு வருகிறது. அதற்குக் காரணம் மாதக்கணக்கு அல்ல, வெயில். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

நவம்பர்ல இருந்து எழுந்திருக்கவே முடியல, எப்பப் பார்த்தாலும் தூக்கம், இனிப்பு சாப்பிடணும்போல இருக்கு. சோம்பேறி ஆயிட்டேனா?

நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். படிப்பு அக்டோபரில் தொடங்குகிறது. புதுசு என்ற மோகம் கலைவதும் இருட்டு வருவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சென்னையில் டிசம்பரிலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கும். ஹம்பர்க்கில் டிசம்பர் கடைசியில் ஏழரை மணி நேரம்தான், அதுவும் பாதி நாள் மேகத்துக்குள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும், வகுப்பை விட்டு வெளியே வந்தால் ராத்திரி. வெளிச்சம் குறைந்தால் உடம்பின் தூக்கக் கணக்கு தடுமாறும். குளிர்காலத்தில் மட்டும் வந்து போகும் இந்த மனச்சோர்வை நார்மன் ரோசந்தாலும் அவர் சகாக்களும் 1984-ல் தனி நோயாகவே விவரித்தார்கள். அதிகத் தூக்கம், மாவு, இனிப்பு மேல் ஆசை எல்லாம் அதன் அடையாளங்கள். உங்களுக்கு இருப்பது அதன் லேசான வடிவமாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது: பகலில், முடிந்தால் காலையிலேயே, அரை மணி நேரம் வெளியே நடங்கள். மேகம் மூடியிருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு. ‘குளிர் குறையட்டும்’ என்று காத்திருந்தால் மார்ச்தான் வரும். நல்ல ஜாக்கெட், நீர் புகாத ஷூ இரண்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். இதற்கென்றே 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்குகள் விற்கிறார்கள். காலையில் சுமார் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து காபி குடிக்கலாம் (கண் நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு). வைட்டமின் டி குறைவாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆனால் மாத்திரை போட்டதும் மனசு துள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஊர் ஞாபகம் வந்து அழறேன். இருபத்தஞ்சு வயசுல இது ரொம்ப ஓவரா இல்லையா?

1688-ல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் பல்கலைக்கழகத்தில் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே வைத்து ஆய்வேடு எழுதினார். அதில் வரும் ஒருவர் பேர்ன் ஊரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். படுத்த படுக்கையாகிவிட்டார். ஊருக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியதும் வழியிலேயே தேறிவிட்டார். இரண்டு ஊருக்கும் நடுவே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. நீங்கள் ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறீர்கள். தாராளமாக அழலாம்.

தினமும் வீட்டுக்கு வீடியோ கால் பேசறேன். வச்சதும் இன்னும் கஷ்டமா இருக்கு. குறைச்சுக்கணுமா?

எத்தனை தடவை பேசுகிறீர்கள் என்பதைவிட எந்த நேரத்தில் என்பதைப் பாருங்கள். கோடையில் நமக்கும் ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. ஜனவரியில் ஆறு மணிக்கு நீங்கள் அறைக்கு வரும்போது அங்கே பத்தரை. அப்பா தூங்கியிருப்பார், அம்மா கொட்டாவியோடு பேசுவார். இரண்டு பேருமே களைத்துப் போன நேரத்துப் பேச்சு கனமாகத்தான் முடியும். அதற்குப் பதிலாகக் காலையில் சமைக்கும்போதோ மத்தியான இடைவேளையிலோ பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள். போனை வைத்ததும் போக ஓர் இடம் இருக்கும், உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது.

இன்னொன்று. இரவு முழுக்க போனை நிற்க வைத்துவிட்டு ஊரில் நடக்கும் கல்யாணத்தை லைவில் பார்ப்பது. தாலி கட்டும் நேரம் பார்த்தால் போதும். பந்தி வரைக்கும் பார்த்துவிட்டு இங்கே நூடுல்ஸ் கொதிக்க வைப்பது வேண்டாத சித்திரவதை.

அம்மா ‘சாப்டியா, நல்லா இருக்கியா’ன்னு கேட்டா பொய்தான் சொல்றேன். உண்மையைச் சொல்லணுமா?

சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொல்லலாம், எல்லோரும் சொல்கிறார்கள். மற்றதில் பாதி உண்மையாவது சொல்லுங்கள். ‘இந்த வாரம் கொஞ்சம் கஷ்டமா இருக்கு, பரீட்சை நெருங்குது’ என்றால் அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஆறு மாதம் எல்லாம் சூப்பர் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் உடைந்தால்தான் அங்கே வீடே கலங்கும். அண்ணன், அக்கா, சித்தப்பா என்று நடுவில் ஓர் ஆளிடம் முழு உண்மையும் போய்ச் சேர்வது நல்லது.

வார நாள் ஓடிடுது. ஞாயித்துக்கிழமைதான் தாங்கல. கிறிஸ்துமஸ் லீவு அதைவிட மோசம்.

ஞாயிறன்று கடை கிடையாது, சத்தம் கிடையாது, தெருவில் ஆள் கிடையாது. நம் ஊரில் ஞாயிறு என்றால் கறிக்கடை வரிசை, மத்தியானத் தூக்கம், சாயங்காலம் யாராவது வீட்டுக்கு வருவது. இங்கே அது தானாக நடக்காது, சனிக்கிழமையே ஏற்பாடு செய்ய வேண்டும். யாராவது இரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டால் போதும். சாம்பார் வைக்கவும் வீட்டைக் கூட்டவும் ஒரு காரணம் கிடைக்கும்.

டிசம்பர் 24 மத்தியானத்தோடு கடைகள் மூடினால் 25, 26 இரண்டு நாளும் திறக்காது. விடுதியில் இருக்கும் ஜெர்மன் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீளமான வராந்தாவில் ஒரு விளக்கும் நீங்களும்தான். அந்த நாட்களுக்கு முன்கூட்டியே திட்டம் வையுங்கள்: வேறு ஊர் நண்பர் அறை, நாலு பேர் சேர்ந்து சமையல், எதுவானாலும். வெளிநாட்டு மாணவர்களைக் கிறிஸ்துமஸுக்கு உள்ளூர் வீடுகளில் விருந்துக்குச் சேர்த்துவிடும் பல்கலைக்கழக அலுவலகங்களும் உண்டு. உங்களுடையதில் கேட்டுப் பாருங்கள்.

ஜெர்மன்காரங்க நம்மகிட்ட ஒட்டவே மாட்டேங்கறாங்க. நம்மளப் பிடிக்கலையா, இல்ல அவங்களே அப்படித்தானா?

பெரும்பாலும் அவர்களே அப்படித்தான். ஒரே அலுவலகத்தில் வருஷக்கணக்காக மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட்டும் வீட்டுக்குக் கூப்பிடாதவர்கள் உண்டு. நட்பு இங்கே வேலை செய்யும் இடத்தில் வளர்வதைவிட விளையாட்டு, பாட்டு, மலையேற்றம் என்று ஊருக்கு ஊர் இருக்கும் சங்கங்களில் அதிகம் வளர்கிறது. வாராவாரம் அதே கிழமை அதே முகங்களைப் பார்த்தால்தான் அவர்களுக்குப் பேச்சு வரும். நாமோ ஒரு தடவை போய்விட்டு ‘யாரும் பேசல’ என்று நின்றுவிடுகிறோம். பேட்மின்டனுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ‘அவங்க சுபாவம்’ என்று தள்ளிவிடவும் கூடாது. பெயரைப் பார்த்ததும் வீடு இல்லை என்பது, ரயிலில் காது படத் திட்டுவது, இவை சுபாவம் இல்லை, இனவெறி. வேலையிலும் வீடு வாடகையிலும் பாகுபாட்டைத் தடுக்க 2006 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மத்திய அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தருகிறது. புகார் கொடுக்கிறீர்களோ இல்லையோ, நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். யாரிடமாவது சொல்லுங்கள். மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினால் ‘நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேனோ’ என்ற சந்தேகம் உங்களையே தின்றுவிடும்.

நம்ம ஆளுங்களோடயே இருந்தா ஜெர்மன் வராது, முன்னேற மாட்டேன்னு சீனியர் சொல்றார். உண்மையா?

பாதி. நாள் முழுக்க மொழி புரியாமல் மூளை களைத்தவருக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் தமிழில் அரட்டை அடிப்பது ஓய்வு. அது வேண்டும். ஜெர்மன் வாழ்க்கைக்குள் போகாமல் ஒளிந்துகொள்ளத் தமிழ்க் கூட்டத்தைப் பயன்படுத்துகிறோம் என்றால்தான் பிரச்சினை.

நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒன்று: 1980-களில் போரால் வந்த ஈழத்தமிழர்கள் இங்கே நமக்கு முன்பே வேர் பிடித்துவிட்டார்கள். முருங்கைக்காயும் பச்சை மிளகாயும் கிடைக்கும் கடை பெரும்பாலும் அவர்களுடையதுதான். ஹம் நகரில் அவர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் 2002-ல் குடமுழுக்கு கண்டது. வருஷா வருஷம் கோடைத் தொடக்கத்தில் தேர் இழுப்பார்கள். சாமி கும்பிடுகிற வழக்கம் இல்லாதவர்களும் ஒரு தடவை போய் வாருங்கள். தொழிற்சாலை வட்டாரத் தெருவில், நெடுஞ்சாலைக்குக் கொஞ்ச தூரத்தில், காவடியும் நாதஸ்வரமும் வரும். கடையில் அந்த அண்ணாவோ அக்காவோ ‘தம்பி எவடம்?’ (எந்த ஊர்) என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். திரும்பிப் போக ஊரே இல்லாமல் வந்தவர்கள் அவர்கள். வெளிநாட்டு வாழ்க்கை பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்த யூடியூப் சேனலுக்கும் தெரியாது.

ஒரு காபி வாங்கினாலும் ரூபாயில கணக்குப் போடறேன். லோன் நினைப்பு வந்துட்டே இருக்கு.

மாணவர்கள் தடைக் கணக்கில் (விசாவுக்காகப் பணம் போட்டு வைக்கும் ‘பிளாக்டு அக்கவுன்ட்’) வருஷத்துக்கு 11,904 யூரோ கட்டி, மாதம் 992 யூரோ வரை எடுக்கலாம் என்ற விதி 2024 செப்டம்பரிலிருந்து. வாடகையும் இன்சூரன்சும் போனால் மிச்சம் கொஞ்சம்தான். அதனால் உங்கள் பயம் கற்பனை இல்லை. அதற்காக ஒவ்வொரு காபிக்கும் மனசுக்குள் பெருக்கல் கணக்குப் போட்டால் நாள் முழுக்கக் குற்ற உணர்ச்சிதான். மாதம் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து லோன், வாடகை, மிச்சம் எல்லாவற்றையும் ரூபாயில் பாருங்கள். மற்ற நாட்களில் யூரோவில் வாழுங்கள். வெளியே போக மாதத்துக்கு இவ்வளவு என்று சின்னத் தொகையாவது ஒதுக்குங்கள். காசு மிச்சம் பிடிக்க அறைக்குள்ளேயே கிடந்தவர்கள்தான் பிப்ரவரியில் அதிகம் துவண்டுபோகிறார்கள்.

வீட்டுக்காரருக்கு ஆபீஸ் இருக்கு. எனக்கு நாலு சுவர்தான். ஊர்ல டீச்சரா இருந்தேன். இங்க நான் யாரு?

இந்தக் கேள்வியைத்தான் மற்றவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். மாணவருக்கு வகுப்பு இருக்கிறது, வேலைக்கு வந்தவருக்கு சம்பளமும் டீமும் இருக்கிறது. கூட வந்தவருக்குக் காலை எட்டு மணிக்குக் கதவு சாத்தும் சத்தம்தான் இருக்கிறது. தபால்காரர் மணி அடித்தால்கூடப் பேசத் தெரியாமல் கதவைத் திறக்காமல் இருந்த, ஊரில் நாற்பது பிள்ளைகளை அடக்கி ஆண்ட ஆசிரியையை எனக்குத் தெரியும். இது ‘பொழுது போகல’ என்ற பிரச்சினை இல்லை. சம்பாத்தியம், பேச்சு, மரியாதை மூன்றும் ஒரே விமானப் பயணத்தில் போய்விட்டன. சீரியல் பார், புதுசா சமையல் கத்துக்கோ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

மொழி வகுப்பில் சேருங்கள், ஆன்லைனில் அல்ல, நேரில். இன்டெக்ரேஷன் கோர்ஸ் என்பது பொதுவாக 700 பாடவேளை: 600 மொழிக்கு, 100 நாட்டைப் பற்றி. அதில் முக்கியம் பாடத்தைவிட, வாரத்தில் பல நாள் கிளம்பிப் போக ஓர் இடம் இருப்பதும், சிரியா, உக்ரைன், பிரேசில் என்று உங்களைப் போலவே வந்து விழித்துக்கொண்டிருக்கும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும்தான். ப்ளூ கார்டு (பட்டதாரி வேலைக்காரர்களுக்கான ரெசிடென்ஸ் பெர்மிட்) வைத்திருப்பவரின் துணைக்கு இங்கே வேலை செய்ய அனுமதி உண்டு. டிகிரியை இங்கே அங்கீகரிக்கும் வேலையை முதல் மாதமே தொடங்குங்கள், அது மெதுவாகத்தான் நகரும்.

கணவர்மார்களுக்கு ஒரு வார்த்தை: பேங்க், டாக்டர், அலுவலகக் கடிதம் எல்லாவற்றையும் ‘நான் பார்த்துக்கறேன்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உதவி என்று நினைத்துச் செய்கிறீர்கள். அவர் கடைசி வரை யாரையாவது எதிர்பார்த்தே வெளியே போக வேண்டியதாகிவிடும்.

நாலு வருஷம் ஆச்சு. வேலை, வீடு, கார் எல்லாம் இருக்கு. மறுபடி அந்த வெறுமை வருது, ஏன்?

முதல் பள்ளம் புது இடத்தால் வந்தது. இது வேறு. அப்போது செய்ய வேண்டியவை வரிசையாக இருந்தன: பரீட்சை, தீசிஸ், வேலை, விசா. எல்லாம் முடிந்ததும், தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: இங்கேயே இருக்கப்போகிறோமா? அப்பாவுக்கு முட்டி வலி, தங்கைக்குக் கல்யாணம், பிள்ளை கிண்டர்கார்ட்டனில் ஜெர்மனில் பதில் சொல்கிறது. ஊரில் இருந்திருந்தாலும் முப்பது வயதில் இப்படிக் கேள்விகள் வரும். வெளிநாடு என்பதால் எல்லாப் பழியும் வெளிநாட்டின் மேல் விழுகிறது. எது இந்த நாட்டால் வந்தது, எது வயதால் வந்தது என்று தனித்தனியாக எழுதிப் பாருங்கள். இடம் மாறினால் முதல் பட்டியல்தான் தீரும்.

தாத்தா இறந்துட்டார், போக முடியல. ஒரு மாசமாச்சு, இன்னும் நம்பவே முடியல.

இதற்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. நம் ஊரில் சாவு என்றால் அன்றைக்கோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள். ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து நேர் விமானம் பிடித்தாலே சென்னைக்குப் பத்து மணி நேரம், அங்கிருந்து ஊர். முகம் பார்க்கக் கிடைப்பது பலருக்கு நடக்காத காரியம். பார்க்காததால்தான் நம்பவும் முடிவதில்லை. அங்கே பறை அடித்து, அழுது, தண்ணி ஊத்தி, சொந்தக்காரர்கள் வந்து போய் ஒரு மாதத்தில் வீடு கொஞ்சம் தேறியிருக்கும். உங்களுக்கு அது எதுவும் நடக்கவில்லை. போனில் வந்த ஒரு செய்தி, அப்புறம் மறுநாள் வழக்கம்போல ஒன்பது மணி மீட்டிங்.

எடுப்புக்குப் போக முடியாவிட்டால் பதினாறாம் நாள் காரியத்துக்காவது போகப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் இங்கேயே நாலு நண்பர்களைக் கூப்பிட்டு, படம் வைத்து, விளக்கேற்றி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துப் பேசுங்கள். மேனேஜரிடமும் பேராசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். ‘தாத்தாதானே’ என்பார்களோ என்று தயங்க வேண்டாம், உங்களை வளர்த்தவர் என்று சொன்னால் போதும்.

வயதானவர்கள் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும்: ரெசிடென்ஸ் கார்டு முடியும் தேதியில் கண் இருக்கட்டும். கார்டு முடிந்து, புதுப்பிக்க விண்ணப்பித்துத் தற்காலிகக் கடிதம் வைத்திருப்பவர்கள், அதில் ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் எந்த உட்பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். 4 என்றால் ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம். 3 என்றால் திரும்பி வர அது செல்லாது. இரவு இரண்டு மணிக்கு போன் வந்த பிறகு படிக்கிற விஷயம் இல்லை அது.

ரெண்டு வருஷம் ஏங்கி ஊருக்குப் போனேன். அங்கயும் ஒட்டல. இப்ப ரெண்டு இடமும் என்னோடது இல்லையா?

முதல் கேள்வியில் சொன்ன கோட்டுக்கு இரண்டாவது பாதியும் உண்டு. ஊர் திரும்பியதும் அதே ஏற்ற இறக்கம் இன்னொரு சுற்று நடக்கிறது என்று கல்லஹார்ன் என்ற ஆராய்ச்சியாளர் தம்பதியர் 1963-லேயே எழுதினார்கள். நண்பர்கள் குழுவில் உங்களுக்குப் புரியாத ஜோக்குகள் வந்திருக்கும், தெருமுனை டீக்கடை மொபைல் கடை ஆகியிருக்கும், ஹார்ன் சத்தம் தலைவலி தரும். வாய் தவறி ‘அங்கெல்லாம்...’ என்று ஆரம்பித்தால் அத்தை முகம் மாறும்.

லீவு மூன்று வாரத்தில் இருபது வீடு ஏறி இறங்காதீர்கள். முதல் நாலு நாள் வீட்டிலேயே இருங்கள். அம்மாவோடு ஒரு நாள் சந்தைக்குப் போங்கள். விருந்தாளியாக நடத்தப்படுவது நின்றால்தான் ஊர் திரும்பக் கிடைக்கும்.

இது சாதாரண ஏக்கமா, டிப்ரஷனா? டாக்டர்கிட்ட போனா விசாவுக்குப் பிரச்சினை வருமா?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரமும் மனசு இருண்டே இருக்கிறது, பிடித்ததும் பிடிக்கவில்லை, தூக்கமோ சாப்பாடோ கெட்டுவிட்டது, குளிக்கக்கூட முடியவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். ஏக்கம் என்றால் நண்பர் வந்தால் ஒரு மணி நேரமாவது விலகும். விலகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் குடும்ப மருத்துவர். மாணவர்களுக்குப் பல்கலைக்கழக ஊர்களில் மாணவர் நலச் சேவை நடத்தும் மனநல ஆலோசனை இருக்கிறது, பெரும்பாலும் இலவசம், ஆங்கிலத்திலும் கிடைக்கும். அரசு இன்சூரன்ஸ் சைக்கோதெரபிக்குப் பணம் தரும். ஆனால் இடம் கிடைக்கப் பல மாதம் ஆகலாம், அதனால் முற்றும் வரை காத்திருக்காமல் பெயர் கொடுத்து வையுங்கள்.

விசா பயம் தேவையில்லை. டாக்டரும் தெரபிஸ்டும் ரகசியம் காக்கச் சட்டப்படி கட்டுப்பட்டவர்கள். விசா அலுவலகத்துக்கு உங்கள் சிகிச்சை விவரம் போகாது. பரீட்சை எழுத முடியாத நிலை என்றால் பரீட்சைக்கு முன்பே மருத்துவச் சான்றிதழ் வாங்கித் தேர்வு அலுவலகத்தில் கேளுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் வரிசையில் நிற்க வேண்டாம். அவசர எண் 112-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் 0800 111 0 111, இரவு பகல் எப்போதும் இலவசம். நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னால் அறிவுரை சொல்லாதீர்கள், அவரைத் தனியாக விடாதீர்கள்.

எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பிப் போயிடலாமான்னு இருக்கு. போனா ஊர்ல என்ன சொல்வாங்க?

போகலாம். நன்றாக யோசித்துப் போனவர்கள் ஊரில் நன்றாகவே இருக்கிறார்கள். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த முடிவை நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் எடுக்காதீர்கள், ஒரு மரணத்துக்கோ பரீட்சைத் தோல்விக்கோ அடுத்த வாரம் எடுக்காதீர்கள். மே மாதம், வெயிலில், வயிறு நிறைந்திருக்கும்போதும் அதே எண்ணம் இருந்தால் அது முடிவு. ஊர்க்காரர்கள் இரண்டு மாதம் கேட்பார்கள், அப்புறம் அவர்களுக்குப் பேச வேறு விஷயம் கிடைத்துவிடும்.

நடுவழியும் உண்டு. பல்கலைக்கழகத்தில் உடல்நலம் போன்ற காரணம் காட்டி ஒரு செமஸ்டர் விடுப்பு கேட்கலாம். வேலையில் இருப்பவர்கள் சம்பளமில்லாத விடுப்பு கேட்கலாம். விடுப்பில் ஊருக்குப் போவதானால் வழக்கமான ரெசிடென்ஸ் பெர்மிட் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் காலாவதி ஆகிவிடும், ப்ளூ கார்டுக்குப் பன்னிரண்டு மாதம். அதற்கு மேல் தங்க வேண்டியிருந்தால் கிளம்பும் முன்பே வெளிநாட்டினர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வீட்டைக் காலி செய்ய மூன்று மாத நோட்டீஸ் என்பதையும் டிக்கெட் போடும் முன் கணக்கில் வையுங்கள்.